பூஜ்யத்திலா, ஒன்றிலா: நிரல்மொழிகளில் வரிசையெண் தொடங்கும் இடம்

ஒரே வகைத் தரவுகளை வரிசையாக அடுக்கி வைக்கும் அமைப்புக்கு நிரல்மொழிகளில் அணி என்று பெயர். அணியிலுள்ள ஓர் உறுப்பை எடுக்க ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண் சுட்டெண். முதல் உறுப்பின் சுட்டெண் 0 ஆக இருப்பதா, 1 ஆக இருப்பதா என்பதில் நிரல்மொழிகள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. சி, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட் ஆகியவை 0 பக்கம். ஃபோர்ட்ரான், கோபால், மேட்லேப், ஆர், லுவா, ஜூலியா ஆகியவை 1 பக்கம். வெறும் பழக்கத்தைப் பற்றிய சண்டையாக இது தோன்றலாம். ஆனால் எண் என்பது பெயரா, தொலைவா என்ற பழைய கேள்வி இதன் அடியில் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எப்போது சரி என்பதும் தெளிவாகும்.

அந்தக் கேள்வியைக் கணினி இல்லாமலே காணலாம். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மின்தூக்கியில் மிகக் குறைந்த எண் 1. அது தரையோடு தரையாக உள்ள கீழ்த்தளம். கல்யாண மேசைகளும் துக்க வீட்டு நாற்காலிகளும் போடப்படும் திறந்த இடம். முகவரியில் #12-34 என்று இருந்தால் தரைத் தளத்தையும் சேர்த்து எண்ணி 12ஆவது தளம் என்று பொருள். லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் தரையோடு இருக்கும் கடைகளின் முகவரியும் #01 என்றே தொடங்குகிறது. சென்னையில் அப்படியில்லை. அங்கே தரைத் தளம் தனி. அதற்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி. சென்னையிலிருந்து வந்திருக்கும் உறவினர் "மூன்றாம் மாடி" என்று மனத்தில் வைத்திருக்கும் உயரம், ஈசூன் மின்தூக்கியில் 4 என்ற பொத்தான்.

இரண்டில் எதுவும் தவறில்லை; இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை. ஈசூனின் எண் "எத்தனையாவது தளம்" என்று கேட்டால் வருவது. சென்னையின் எண் "தரையிலிருந்து எத்தனை மாடி ஏற வேண்டும்" என்று கேட்டால் வருவது. முன்னது வரிசையில் ஓர் இடத்தின் பெயர், பின்னது தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவு. தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஈசூனின் 12ஆம் மாடித் தரை 36 மீட்டர் உயரத்தில் இருக்காது. 11ஐ 3ஆல் பெருக்கி 33 மீட்டர் என்றுதான் கணக்கிட வேண்டும். பெயரைத் தொலைவாக மாற்றும்போது ஒன்றைக் கழிக்க வேண்டியிருக்கிறது. நிலத்தடித் தளங்கள் சேர்ந்தால் சிக்கல் கூடுகிறது. கடைத்தொகுதிகளில் பி2, பி1 என்று நிலத்தடியில் எண்ணி, உடனே 1, 2, 3 என்று தரைக்கு மேல் எண்ணுகிறார்கள். நடுவில் 0 கிடையாது. பி2இலிருந்து 3க்கு ஏறுவது நான்கு தளம். பி2ஐ −2 என்று கொண்டு கழித்துப் பார்த்தால் 5 என்று வரும். கிமு 1க்கு அடுத்த ஆண்டே கிபி 1 ஆகிவிடும் ஆண்டுக் கணக்கிலும் இதே குறைதான். அதனால்தான் வானியலாளர்கள் தங்கள் கணக்கில் 0ஆம் ஆண்டு ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள்.

தமிழ்ப் பேச்சில் இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் தனித்தனியே வழக்கு இருக்கிறது. பிள்ளையின் வயதைக் கேட்டால் "ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது" என்பார்கள். முடிந்தது தொலைவு, நடப்பது பெயர். அறுபதாம் கல்யாணம் அறுபது நிறைந்து அறுபத்தொன்று பிறக்கும்போது நடப்பது. கல்வெட்டுகளிலும் இந்தக் கவனம் தெரிகிறது. விஜயநகரக் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் சக ஆண்டை ஓர் எண்ணாகச் சொல்லி, "இதன்மேல் செல்லாநின்ற" என்று சேர்த்துப் பின்பு நடப்பு ஆண்டின் பெயரைத் தருகின்றன: இத்தனை ஆண்டு கழிந்தது, அதற்கு மேல் ஓடிக்கொண்டிருப்பது இது. பாண்டியர் கல்வெட்டுகளில் இன்னொரு முறை உண்டு. அரசனின் ஆட்சியாண்டை "இரண்டாவதின் எதிர் பதினொன்றாவது" என்பது போல எழுதுவார்கள். கல்வெட்டறிஞர்கள் அதை 2 + 11 என்று கூட்டி, பதின்மூன்றாம் ஆண்டு என்று படிக்கிறார்கள். ஏன் அப்படி எழுதினார்கள் என்பதற்கு விளக்கங்கள் பல. வடிவத்தை மட்டும் பார்த்தால், நிலையான ஓர் அடியும் அதிலிருந்து ஒரு தள்ளுகையும். கணினி நினைவகத்தில் முகவரி கணக்கிடப்படுவதும் இப்படித்தான்.

அந்தக் கணக்கு எளியது. ஓர் அணி நினைவகத்தில் 1000 என்ற முகவரியில் தொடங்குகிறது, ஒவ்வோர் உறுப்பும் 4 பைட் இடம் பிடிக்கிறது என்றால், முதல் உறுப்பு 1000இல், அடுத்தது 1004இல், நான்காவது 1012இல். தொடக்கத்திலிருந்து எத்தனை உறுப்பு தள்ளி என்ற எண்ணை 4ஆல் பெருக்கி 1000உடன் கூட்டினால் முகவரி வந்துவிடும். முதல் உறுப்பு எதுவும் தள்ளி இல்லை. அதன் எண் 0. 1967இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் அணி என்பதே ஒரு முகவரிதான். சுட்டெண் அதனோடு கூட்டப்படும் எண். அதிலிருந்து கென் தாம்சனின் பி மொழியும், 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சியின் சி மொழியும் வந்தன. சி மொழியில் அ[3] என்பதற்குப் பொருள், "அ என்ற முகவரியோடு 3ஐக் கூட்டி அங்கே இருப்பதை எடு". கூட்டலில் இடம் மாறினாலும் விடை மாறாது என்பதால் 3[அ] என்று எழுதினாலும் சி மொழி ஏற்றுக்கொள்ளும். அங்கே சுட்டெண் பெயராக நடத்தப்படவில்லை, தொலைவாகவே நடத்தப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதை வைத்து 0தான் வேகமானது என்று சொல்வது வழக்கம். அந்த வாதம் வலுவற்றது. 1இலிருந்து தொடங்கும் மொழியின் கம்பைலர் 1000க்குப் பதில் 996ஐ அடியாக வைத்துக்கொண்டால் போதும். ஓடும் நேரத்தில் கழித்தலே தேவைப்படாது. 1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் 1இலிருந்துதான் எண்ணியது. அந்தக் குழுவின் முதன்மை நோக்கமே கையால் எழுதிய இயந்திர நிரலுக்கு ஈடான வேகம். அதை எழுதியவர்களும் பயன்படுத்தியவர்களும் கணிதக்காரர்கள். அணிக்கோவையின் முதல் நிரையை 1 என்று சுட்டியே பழகியவர்கள். மேட்லேப், ஆர், ஜூலியா ஆகியவை அந்த மரபின் வாரிசுகள். பாடநூலிலுள்ள சூத்திரத்தை அப்படியே நிரலாக எழுத முடிவது அங்கே உண்மையான வசதி. அதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

மூன்றாம் வழி ஒன்றும் இருந்தது: தொடக்க எண்ணை நிரலரிடமே விட்டுவிடுவது. அல்கோல் 60, பாஸ்கல், அடா ஆகியவற்றில் அணியை அறிவிக்கும்போதே 1965 முதல் 2025 வரை என்பது போல எல்லைகளைக் கொடுக்கலாம். ஃபோர்ட்ரானும் 77ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இதற்கு இடம் தந்தது. ஆண்டுகளைச் சுட்டெண்ணாகக் கொண்ட அட்டவணைக்கு இது அருமையான ஏற்பாடு, ஏனெனில் எல்லை அந்த அணியோடு சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். மொழி முழுவதற்கும் ஒரே விசையை வைத்தது வேறு கதை. ஏபிஎல் மொழியில் 0, 1 இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் தனி மாறி உண்டு. பேர்ல் மொழியிலும் அப்படி ஒரு மாறி இருந்தது. ஒருவர் 0 என்று கருதி எழுதிய துணைநிரலை 1 என்று கருதும் இன்னொருவர் அழைத்தால் இருவர் கணக்கும் கெடும். பேர்ல் மொழி அந்த மாறியைப் படிப்படியாகக் கைவிட்டு, 2019இல் வந்த 5.30 பதிப்பில் முற்றாக நீக்கிவிட்டது.

0இன் பக்கம் உள்ள நல்ல வாதம் வேகத்தைப் பற்றியதல்ல, எல்லைகளைப் பற்றியது. டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1982 ஆகஸ்ட் 11 தேதியிட்ட ஒரு சிறு குறிப்பில் அதை முன்வைத்தார். 2 முதல் 12 வரையுள்ள எண்களைக் குறிக்க நான்கு வழிகள் உண்டு: இரு முனையையும் சேர்ப்பது, இரண்டையும் விடுவது, கீழ்முனையை மட்டும் சேர்ப்பது, மேல்முனையை மட்டும் சேர்ப்பது. ஒரு முனையை மட்டும் சேர்க்கும் இரண்டு வழிகளில்தான் எல்லைகளைக் கழித்தால் உறுப்புகளின் எண்ணிக்கை வருகிறது. அடுத்தடுத்த இரு துண்டுகள் ஓர் எல்லையைப் பகிர்ந்துகொள்கின்றன. கீழ்முனையை விட்டால், 0இலிருந்து தொடங்கும் வரிசைக்கு −1 என்று எழுத நேரும். ஆகவே கீழ்முனையைச் சேர்த்து மேல்முனையை விடுவதே சிறந்தது. அப்படி எழுதும்போது நூறு உறுப்புகளுக்கு 1இலிருந்து தொடங்கினால் எல்லைகள் 1, 101. 0இலிருந்து தொடங்கினால் 0, 100. பின்னதே அழகு என்றார் அவர். ஜெராக்ஸ் ஆய்வகத்தின் மேசா மொழியில் நான்கு வழிகளும் இருந்தன என்றும், மற்ற மூன்றும் பிழைகளுக்கு வழிவகுத்ததாக அனுபவம் காட்டியது என்றும் குறிப்பிட்டார்.

தமிழில் "முதல்", "வரை" என்ற இணை இந்த நான்கில் இரண்டை ஒரே சொல்லால் சுமக்கிறது. "திங்கள் முதல் வெள்ளி வரை" என்றால் வெள்ளியும் சேர்ந்து ஐந்து நாள். சமூக மன்றத்தில் பூப்பந்துத் தளத்தை "8 மணி முதல் 9 மணி வரை" ஒருவரும் "9 மணி முதல் 10 மணி வரை" இன்னொருவரும் பதிவு செய்தால், 9 மணிக்கு இருவரும் மோதிக்கொள்வதில்லை. 9 என்ற கணம் இரண்டாமவருக்கு உரியது. நாளை எண்ணுகிறோம், நேரத்தை அளக்கிறோம். எண்ணும்போது இரு முனையும் சேரும். அளக்கும்போது ஒன்று விடுபடும். பேசுபவருக்கு இது தானாகவே பிடிபடும். நிரலுக்கு யாராவது எழுதித் தர வேண்டும், எழுதுபவர் "வரை" என்று மட்டும் நினைத்துக்கொண்டு எழுதினால் பிழை நிச்சயம்.

சுற்றி வரும் எண்ணிக்கையில் 0இன் தேவை இன்னும் கூர்மையாகத் தெரியும். சிங்கப்பூரின் செங்காங் எல்ஆர்டி இலகு ரயிலின் கிழக்குச் சுற்றில் நடு நிலையத்துக்கு எண் கிடையாது. எஸ்டிசி என்ற குறியீடு மட்டும் உண்டு. அடுத்த நிலையங்கள் எஸ்இ1 முதல் எஸ்இ5 வரை. எண்கள் ஐந்து, நிறுத்தங்கள் ஆறு. எஸ்இ5க்கு அடுத்தது எது என்று கணக்கிட 5உடன் 1ஐக் கூட்டி 6ஆல் வகுத்தால் மீதி 0. வண்டி எஸ்டிசிக்கு வந்துவிட்டது. எண்ணில்லாத நடு நிலையம் கணக்கில் 0ஆக இயங்குகிறது.

தமிழ் ஆண்டுப் பெயர்களும் இப்படிச் சுற்றுபவையே. அறுபது பெயர்களில் முதலாவது பிரபவ, கடைசி அட்சய. 1987 சித்திரையில் பிரபவ பிறந்தது. 0இலிருந்து எண்ணும் அணியில் பெயர்களை வைத்திருந்தால், சித்திரையில் தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 1987ஐக் கழித்து 60ஆல் வகுத்த மீதியே சுட்டெண். 2025க்கு மீதி 38. அந்த இடத்தில் இருப்பது வரிசையில் 39ஆவதான விசுவாவசு. சிங்கப்பூர் தனிநாடான 1965உம் விசுவாவசுதான், அறுபது ஆண்டு இடைவெளி என்பதால் மீதி மாறுவதில்லை. 1இலிருந்து எண்ணுபவர் 1986ஐக் கழித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கலாம். 2045 வரை எல்லாம் சரியாகவே வரும். 2046இல் மீதி 0 ஆகும்; 60ஆவது இடத்தில் அட்சய காத்திருக்க, இல்லாத 0ஆவது இடத்தை நிரல் தேடும். 1987ஐயே கழித்து, மீதி எடுத்த பிறகு 1ஐக் கூட்டுவதே சரியான முறை. அறுபதில் ஒருமுறை மட்டும் வெளிப்படும் இத்தகைய பிழை சோதனைகளில் எளிதில் தப்பிவிடும்.

எல்லா எண்ணும் சுட்டெண் அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையம் 1988இல் திறக்கப்பட்டது. இன்று அதன் குறியீடு என்எஸ்13. செம்பவாங் என்எஸ்11. இரண்டுக்கும் நடுவில் என்எஸ்12 என்ற எண் பல ஆண்டுகள் நிலையமே இல்லாமல் காலியாகக் கிடந்தது. 2019 நவம்பரில் கேன்பரா நிலையம் திறந்தபோது அது நிரம்பியது. அதற்கு முன் ஈசூனில் ஏறியவர் 13இலிருந்து 11ஐக் கழித்து இரண்டு நிறுத்தம் என்று எண்ணியிருந்தால் ஒரே நிறுத்தத்தில் செம்பவாங் வந்திருக்கும். குறியீட்டின் வேலை தொலைவு சொல்வதல்ல. மாறாத பெயராக இருப்பது. எண்ணை ஒதுக்கி வைத்த முன்யோசனையால்தான் ஈசூனின் பலகைகளை மாற்ற வேண்டியிருக்கவில்லை. நிரலிலும் இவ்வகை எண்களுக்கு அணி ஏற்றதல்ல, அகராதி போன்ற அமைப்பே ஏற்றது. அங்கே 0இல் தொடங்குவதா 1இல் தொடங்குவதா என்ற கேள்விக்கே இடமில்லை.

பெயரும் தொலைவும் ஒரே இடத்தில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டின் தேதி ஒரு பாடம். சிங்கப்பூர் தேசிய நாளான 1965 ஆகஸ்ட் 9ஐ அங்கே எண்களாகக் கொடுக்க வேண்டுமானால் 1965, 7, 9 என்று எழுத வேண்டும். நாள் 1இலிருந்தும் மாதம் 0இலிருந்தும் தொடங்குகின்றன. 1965, 8, 9 என்று எழுதினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் செப்டம்பர் 9 கிடைக்கும். இந்த வழக்கம் சி மொழியின் தேதி அமைப்பிலேயே இருந்தது, ஜாவாவும் எடுத்துக்கொண்டது. ஜாவா 2014இல் புதிய தேதி நூலகத்தைக் கொண்டுவந்தபோது ஜனவரியை 1 ஆக்கியது. சரியான திருத்தம். மாத எண் மக்கள் வாயில் வழங்கும் பெயர். அதைத் தொலைவாக்க எந்த நிரல்மொழிக்கும் உரிமையில்லை.

சுட்டெண்ணில் ஒன்று கூடியோ குறைந்தோ போகும் பிழையைக் கண்டுபிடிப்பது எளிதா என்பது தொடக்க எண்ணைவிட மொழி அதை எப்படி எதிர்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. சி மொழியில் கடைசி உறுப்புக்கு அப்பால் எழுதினால் பக்கத்திலிருக்கும் வேறு தரவு அழியலாம். பாதுகாப்பு ஓட்டைகள் பல இப்படி உண்டானவை. பைத்தானில் மேல்பக்கம் தாண்டினால் பிழைச்செய்தி வரும். கீழ்ப்பக்கம் தாண்டினால் வராது, ஏனெனில் −1 அங்கே கடைசி உறுப்பின் சுட்டெண். ஆர் மொழியில் 0 என்று கேட்டால் வெற்று அணி கிடைக்கும். −1 என்றால் முதல் உறுப்பு நீங்கிய மீதி அணி. லுவாவில் 0ஆவது இடத்தில் எதுவும் இல்லை என்று மட்டும் பதில் வரும். பிழையை உடனே சொல்லும் மொழியைவிட அமைதியாக வேறொன்றைத் தரும் மொழிதான் ஆபத்தானது.

தமிழ் எழுத்துகளைக் கணினியில் ஏற்றியபோதும் 0 தனிச் சிக்கலாகவே நின்றது. பழைய தமிழ் எண்முறையில் ௧ முதல் ௯ வரை குறிகள் உண்டு. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. பதினைந்தை ௰௫ என்று எழுதினால் போதும் என்பதால் பூஜ்யத்துக்குத் தேவை எழவில்லை. இணையத்தில் தமிழ் தடம் பதித்த 1990களில் சிங்கப்பூர் அதற்கு ஒரு மையம். எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995இலேயே சிங்கப்பூர்க் கவிதைகள் தமிழிலும் இணையமேறின. 1997 மே மாதம் விசைப்பலகை, எழுத்துக் குறியேற்றம் பற்றிய தமிழிணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது. அன்று எழுத்துருவுக்கு எழுத்துரு எண் மாறியது. ஒன்றில் தட்டெழுதியது இன்னொன்றில் வேறு எழுத்தாகத் தெரிந்தது. யூனிகோட் அதற்குத் தீர்வானது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். தேவநாகரியில் பூஜ்யம் அதன் தொகுதித் தொடக்கத்திலிருந்து 102 இடம் தள்ளி இருக்கிறது. தமிழிலும் அதே 102ஆவது தள்ளுகை, அதாவது 3046, காலியாக விடப்பட்டது. ௧ அடுத்த இடமான 3047இல் அமர்ந்தது. காலியிடத்தில் தமிழ்ப் பூஜ்யம் 2005இல்தான் சேர்க்கப்பட்டது. இடம் முன்பே இருந்ததால் ௧ முதல் ௯ வரை எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

எங்கே தொடங்குவது என்பது தீர்ந்த பிறகும் எதை எண்ணுவது என்பது தமிழுக்கு மிஞ்சி நிற்கிறது. ஈசூன் என்ற சொல்லைப் பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்தால் ஈ, சூ, ன் என்று மூன்று எழுத்து சொல்லும். பைத்தான் ஐந்து என்று சொல்லும்: ஈ, ச, ஊகாரத் துணைக்குறி, ன, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் குறிக்கு 3 வீதம் 15 பைட். 1ஆவது சுட்டெண்ணில் இருப்பதை எடுத்தால் சூ வராது. வெறும் ச வரும். எழுத்து சிதையாமல் வெட்ட வேண்டுமானால் 0, 1, 3, 5 என்ற எல்லைகளில் மட்டுமே வெட்டலாம்: 0 முதல் 1க்குள் ஈ, 1 முதல் 3க்குள் சூ, 3 முதல் 5க்குள் ன். சுட்டெண் உறுப்பின் பெயரல்ல, உறுப்புகளுக்கு இடையிலுள்ள கோட்டின் தொலைவு என்று கொண்டால்தான் இந்த நான்கு எண்களும் பொருள் தருகின்றன. ஸ்விஃப்ட் மொழி எழுத்துத் தொகுதிகளையே எண்ணுவதால் ஈசூனுக்கு 3 என்று விடை தருகிறது. அதற்கு ஈடாக, எழுத்துச் சரத்தை வெறும் முழு எண்ணால் சுட்ட அது அனுமதிப்பதில்லை. அதுவும் முழுத் தீர்வல்ல. ஒரே வடிவாக எழுதப்படும் ஸ்ரீ, யூனிகோடின் பொது விதிப்படி அங்கே ஸ், ரீ என்று இரண்டாகவே எண்ணப்படுகிறது.